மருதமடுவில் ஒரு சிலுவைப்பாதை

மன்னார் – மதவாச்சி பிரதான வீதியில் மடு வீதிச் சந்தியில் திரும்பி, பண்டிவிரிச்சான் கிராமத்தைக் கடந்து சென்றால், இரு மருங்கும் காடு நெருங்கி வரும் பாதையின் முடிவில் மருதமடு மாதாவின் ஆலயம் தெரியும். யூலை 2ஆம் திகதியும் ஓகஸ்ட் 15ஆம் திகதியும் இங்கு பெருவிழாக்கள். தமிழரும் சிங்களவரும் இலட்சக்கணக்கில் கூடுவார்கள். மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, நாட்கணக்கில் தங்குவார்கள். சைவர்களும் நேர்த்தி வைத்து வருவார்கள். பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கையில் மடு மண்ணைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போவார்கள்.

திருவிழாக் காலத்து மடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவக்காலத்து மடு வேறு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாற்பது நாட்களையும் கிறிஸ்தவர்கள் தவக்காலமாகக் கடைப்பிடிக்கின்றனர். இறைச்சி மீனை ஒறுத்து, ஒருசந்தி இருந்து, வெள்ளிக்கிழமைகளில் இயேசுவின் பாடுகளைத் தியானிப்பார்கள். அந்நாட்களில் மடுவில் கடைகளும் இல்லை, ஒலிபெருக்கிச் சத்தமும் இல்லை. பாலை மரங்களில் குரங்குகள் பாய்கின்ற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும்.

கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எமது பெண்கள் குழுவைச் சேர்ந்த பதினேழு பேருடன் நானும் அங்கு சென்றேன். பெண் தலைமைத்துவக் குடும்பங்களுடன் வேலை செய்வது எனது தொழில். அன்று வந்தவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். ஐந்து பேர் சைவர். நானும் சைவக் குடும்பத்தில் பிறந்தவளே. ஆகவே சிலுவையைப் பற்றி இங்கு நான் எழுதுவது ஒரு போதனை அல்ல. அன்று கண்டதும், உடன் வந்த பெண்களிடம் கேட்டதும், அதன் பின்னர் வாசித்து அறிந்ததுமே இக்கட்டுரை.

காட்டுக்குள் வந்த மாதா

மடுவின் கதை இடம்பெயர்வின் கதையாகும். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருமார் வெளியேற்றப்பட்டனர். மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் தமது ஆலயத்து மாதா சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்தன என்றும், இறுதியில் மருதமடுவில் தங்கின என்றும் மரபு கூறுகிறது. இங்கு முதலில் ஒரு சிற்றாலயத்தைக் கட்டியவர் எலேனா என்னும் பெண் என்பதும் அதே மரபின் செய்தி. 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்து, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கருக்குப் பணியாற்றியவர் யோசப் வாஸ் அடிகளார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்தார்.

அதற்கு முன்னரும் மன்னார் மண்ணில் இந்த நம்பிக்கைக்காக இரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது. 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையின்படி கொல்லப்பட்டனர். அவர்களின் நினைவைத் தோட்டவெளியிலுள்ள ஆலயம் இன்றும் தாங்கி நிற்கிறது.

எமது காலத்தில் மடு வேறு விதமான அடைக்கலம் ஆனது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தன. ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகம் இங்கு திறந்த நிவாரண நிலையம் ஒன்றை நடத்தியது. எம்முடன் வந்தவர்களில் மூவர் அந்தத் தறப்பாள் கொட்டில்களில் பிள்ளைப் பராயத்தைக் கழித்தவர்கள். "இந்த மரத்துக்குக் கீழதான் எங்கட பள்ளிக்கூடம்" என்று ஒருவர் காட்டினார். 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு எறிகணைகள் ஆலயத்தின் மீது விழுந்தன. உள்ளே அடைக்கலம் தேடியிருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிறுவர்களும் அடங்குவர். யார் ஏவியது என்பதில் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர். 2008 ஏப்ரலில், சண்டை ஆலயத்தை நெருங்கியபோது, மாதா சுருபமே மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் அது திரும்பி வந்தது. தாயும் எங்களோடு சேர்ந்து ஓடினா என்று இன்றும் பெண்கள் சொல்வார்கள்.

பதினான்கு தலங்கள்

இந்த மண்ணில்தான் அன்று சிலுவைப்பாதை நடந்தது. இயேசு மரண தண்டனை பெற்றதிலிருந்து கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது வரை பதினான்கு தலங்கள். ஒவ்வொரு தலத்திலும் நின்று, முழந்தாட்படியிட்டு, செபித்து நகர வேண்டும். எருசலேமுக்குச் செல்ல முடியாதவர்கள் தமது ஊரிலேயே அந்த வழியை நடப்பதற்காக ஏற்பட்ட பக்தி முயற்சி இது. பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் இதனைப் பரப்பினர். தலங்கள் பதினான்கு என்பது 18ஆம் நூற்றாண்டில் உறுதியானது. எமது நாட்டில் தவக்கால வாசிப்புக்கென்றே தனி மரபு உண்டு. 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இங்கேயே மரித்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' தலைமுறை தலைமுறையாக ஆலயங்களில் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. மூத்த பெண்கள் அதனை ஒப்பாரி போல இழுத்து வாசிப்பதைக் கேட்டால், வேற்று மதத்தவருக்கும் கண் கலங்கும்.

சிலுவை இன்று கழுத்துச் சங்கிலியில் தொங்கும் ஓர் ஆபரணம். அன்று அது அரசின் பயங்கரம். உரோமர் அடிமைகளையும் கலகக்காரரையும் கொல்வதற்கு அதனைப் பயன்படுத்தினர். கி.மு. 71இல் ஸ்பாட்டகசின் அடிமைக் கிளர்ச்சியை அடக்கியபோது 6000 பேரைப் பெருவீதி ஓரமாகச் சிலுவைகளில் அறைந்தனர். போவோர் வருவோர் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதே நோக்கம். வீதியோரம் உடல்கள் கிடந்த காலங்களை நாமும் கண்டவர்கள். எனவே சிலுவை என்றால் என்ன என்பதை எமது பெண்களுக்கு விளங்கப்படுத்தப் புத்தகம் தேவையில்லை.

ஐந்தாம் தலத்தில் சீமோன் என்ற வழிப்போக்கனைப் படைவீரர் பிடித்துச் சிலுவையைத் தூக்க வைக்கின்றனர். அவன் விரும்பி வரவில்லை, கட்டாயப்படுத்தப்பட்டவன். "றோட்டால போனவனைப் பிடிச்சு வேலைக்கு விட்டிருக்கிறாங்கள்" என்று ஒருவர் மெதுவாகச் சொல்ல, சிலர் சிரித்துவிட்டார்கள். பத்தாம் தலத்தில் இயேசுவின் ஆடைகள் களையப்படுகின்றன. அங்கு எவரும் சிரிக்கவில்லை. சோதனைச் சாவடிகளையும் முகாம்களையும் கடந்து வந்த பெண்கள் அந்த இடத்தில் தலையைக் குனிந்து நின்றார்கள். அவமானப்படுத்தப்பட்ட ஓர் உடலைத்தான் கடவுளின் உடல் என்று கிறிஸ்தவர்கள் வணங்குகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பதின்மூன்றாம் தலம், இறக்கப்பட்ட மகனின் உடலைத் தாய் மடியில் ஏந்துவது. எம்முடன் வந்த ஓர் அம்மாவின் மகன் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவன். அவர் அத்தலத்தை விட்டு நகரவில்லை. நான் அருகில் போய் நின்றேன். "அவவுக்குப் பிள்ளையின்ர உடம்பாவது மடியில கிடைச்சுது பிள்ளை. எனக்கு அதுவும் இல்லை" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. 2018இல் மன்னார் சதொச வளாகத்தில் மனித எச்சங்கள் தோண்டப்பட்டபோது, வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த தாய்மாரில் இவரும் ஒருவர். 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அங்கு எடுக்கப்பட்டன. அவை சில நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை என 2019இல் கார்பன் பரிசோதனை அறிக்கை கூறியது. அதைக் கேட்டு ஆறுதலடைவதா, ஏமாற்றமடைவதா என்று தெரியாமல் அந்தத் தாய்மார் திரும்பினார்கள்.

யார் வைத்த சிலுவை?

சிலுவைப்பாதை முடிந்து, மர நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வியே அன்றைய பயணத்தின் முக்கியமான விடயம். எமது குழுவில் இரு பிள்ளைகளின் தாயான ஒரு தங்கை இருக்கிறாள். கணவன் குடித்துவிட்டு அடிப்பான். ஊரிலுள்ள மூத்த பெண்கள் அவளுக்குச் சொல்லும் புத்தி ஒன்றுதான்: "ஆண்டவர் சுமந்ததை விடவோ உன்ர சிலுவை பாரம்?" அவள் எம்மோடு வந்திருந்த அருட்சகோதரியிடம் நேரடியாகவே கேட்டாள்: "சிஸ்டர், அப்ப நான் இதைச் சுமக்கத்தான் வேணுமோ?"

வயதான அந்தச் சகோதரி சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "அவர் தானா விரும்பி எடுத்தவர் மகள். உன்னில இதைத் தூக்கி வைச்சது ஆர்?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் பல நாட்கள் நின்றது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் பலி பற்றி ஹியூபர்ட், மோஸ் ஆகிய இருவர் 1899இல் எழுதிய ஆய்வைப் படித்திருக்கிறேன். மனிதர் கடவுளுக்குக் கொடுப்பதும், பதிலுக்கு ஏதோ ஒன்றை எதிர்பார்ப்பதும் பலியின் பொதுவான இயல்பு. எமது ஊர்க் கோயில்களில் வேள்விக்கு ஆடு நேர்ந்ததும் அந்த எண்ணத்திலேதான். கிறிஸ்தவ நம்பிக்கையோ இதனைத் தலைகீழாக்குகிறது. இங்கு மனிதர் கடவுளுக்குக் கொடுக்கவில்லை. மனிதரின் பாவங்களுக்காகக் கடவுள் தம்மையே தமது மகனில் கொடுத்தார் என்பதே அவர்களின் விசுவாசம். கத்தோலிக்கர் தமது வழிபாட்டைத் 'திருப்பலி' என்று அழைப்பதும் இதனாலேயே.

இதில் மூன்று விடயங்களை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, அது விருப்பத்துடன் கொடுக்கப்பட்டது. தம் உயிரை எவரும் பறிக்கவில்லை, தாமே கொடுப்பதாக இயேசு சொன்னார் என யோவான் நற்செய்தி கூறுகிறது. பறிக்கப்பட்ட உயிரைத் தியாகம் என்று சொல்லும் வழக்கம் எமது சமூகத்தில் அதிகம். ஆனால் 1999இல் மடு ஆலயத்துக்குள் இறந்த குழந்தைகள் எதையும் தியாகம் செய்யவில்லை. அவர்கள் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக்கினால் கொன்றவர் தப்பித்துவிடுவார்.

இரண்டாவது, இயேசு வேதனையை விரும்பியவர் அல்லர். கெத்சமனித் தோட்டத்தில், இந்தத் துன்பம் நீங்கக் கூடுமானால் நீங்கட்டும் என்று வேர்த்து விறுவிறுத்துச் செபித்தவர். அதற்கு முன்னர் ஊர் ஊராகச் சென்று நோயாளரின் வேதனையைப் போக்கியவர். நோயோடு பொறுத்திரு என்று எந்தப் பெண்ணையும் அவர் திருப்பி அனுப்பியதாக நற்செய்திகளில் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்தியவளையும், பதினெட்டு ஆண்டுகள் கூனிப்போயிருந்தவளையும் அவர் நிமிர்த்தி அனுப்பினார்.

மூன்றாவது, அந்தப் பலி ஒரே தடவை, எல்லோருக்குமாகச் செலுத்தப்பட்டது என்பது எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் மையக் கருத்து. விசுவாசிகளின் பார்வையில் கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. அப்படியானால் குடும்பத்தின் மானத்துக்காகவும் ஊரின் வாய்க்காகவும் ஒரு பெண் தினந்தோறும் பலியாக வேண்டும் என்று எந்தக் கடவுள் கேட்கிறார்? கேட்பது நாம்தான், ஆண்டவரின் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம்.

விலை

இப்படிச் சொல்வதால் சிலுவைக்கு விலையே இல்லை என்று ஆகாது. தம்மைப் பின்பற்ற விரும்புபவர் தமது சிலுவையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று இயேசு சொன்னதை எல்லாக் கிறிஸ்தவர்களும் அறிவார்கள். அந்த விலையைக் கொடுத்தவர்கள் எமது நாட்டிலும் இருக்கிறார்கள். 1984 டிசம்பரில் மன்னார் மாவட்டத்தில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகள் கொல்லப்பட்டார். 1987 நவம்பரில், புத்தள என்னும் ஊருக்கு அருகே சிங்கள விவசாயிகளோடு வாழ்ந்த மைக்கல் ரொட்றிகோ அடிகள் திருப்பலி ஒப்புக்கொடுத்துக் கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்ற பிரான்சிஸ் யோசப் அடிகள் திரும்பி வரவேயில்லை. இவர்கள் எவரும் வேதனையைத் தேடிப் போகவில்லை. மற்றவர்களை விட்டு ஓட மறுத்தார்கள். அதற்கான விலை அவர்களிடம் வந்தது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை, இறுதி யுத்தத்தில் கணக்கில் வராத 146,679 பேர் எங்கே என்று 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, பெரிய வியாழனன்று, அவர் காலமானார். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

பெண்கள் கொடுத்த விலையை நற்செய்தி மறைக்கவில்லை. இயேசு கைது செய்யப்பட்டபோது ஆண் சீடர்கள் ஓடிவிட்டனர். சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் மகதலா மரியாவும் சலோமியும் வேறு பெண்களும்தான். கல்லறைக்கு விடியற்காலையில் போனவர்களும் அவர்களே. அவர் உயிர்த்துவிட்டார் என்று அவர்கள் வந்து சொன்னபோது, அது வெறும் பிதற்றல் என்றே திருத்தூதர்கள் எண்ணினர் என லூக்கா எழுதுகிறார். ஆணைக்குழுக்கள், காரியாலயங்கள் என்று ஏறி இறங்கி, ஒரே சாட்சியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நம்பப்படாமல் திரும்பிய எமது தாய்மாருக்கு இந்த இடம் நன்கு விளங்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்கள் தொடங்கிய தொடர் போராட்டம் ஆண்டுக்கணக்காக நீடித்தது. பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். தமது பிள்ளைக்காகவும் மற்றவளின் பிள்ளைக்காகவும் வெயிலில் இருக்கும் அந்தத் தாயின் சிலுவை அவள் தானாகத் தோளில் ஏற்றியது. அடிக்கும் கணவனைச் சகித்திருக்கும் பெண்ணின் தோளில் உள்ளது பிறர் ஏற்றி வைத்த பாரம். முதலாவதைச் சுமப்பவளுக்கு நாம் துணை நிற்க வேண்டும். இரண்டாவதை இறக்கி வைக்கக் கைகொடுக்க வேண்டும்.

இறக்கி வைக்க வழியும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்ட பெண் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையைக் கோரலாம். உடனடி ஆபத்து இருந்தால் இடைக்காலக் கட்டளையும் பெறலாம். விவாகரத்து எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. கத்தோலிக்கப் பெண்கள் பலர் அந்தப் பயத்தினாலேயே நீதிமன்றப் படியை மிதிக்கத் தயங்குகின்றனர்.

தவக்காலத்தில் ஒறுத்து மிச்சம் பிடிக்கும் காசை ஏழைகளுக்குக் கொடுப்பது கிறிஸ்தவர்களின் வழக்கம். எமது குழுவின் கத்தோலிக்கப் பெண்கள் ஒரு பால்மா ரின்னில் அவ்வாறு சேர்த்து வருகிறார்கள். பெரிய வெள்ளிக்கு முதல் வாரக் கூட்டத்தில் அதனைத் திறந்து எண்ணியபோது 4350 ரூபா இருந்தது. மீன் வாங்காத நாளின் காசு, தேத்தண்ணிக்குச் சீனி போடாத நாளின் காசு. அதனை எங்கே கொடுப்பது என்று பேச்சு வந்தது. மடுவில் பதின்மூன்றாம் தலத்தில் நின்ற அந்த அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "இந்தப் பிள்ளை கோட்டுக்குப் போய் வாறதுக்குப் பஸ் காசாக் குடுப்பம். ஒருத்தி கூடவும் போகவேணும். நான் போறன்" என்றார்.

அந்தத் தங்கை இன்னும் முடிவெடுக்கவில்லை. காசு குழுத் தலைவியின் வீட்டில் இருக்கிறது. அவள் போகத் தீர்மானிக்கும் நாளில் கூடப் போவதற்கு ஓர் அம்மாவும் ஆயத்தமாக இருக்கிறார்.